கிணறு வற்றாது என்றேன்

பிள்ளைகளே, பழிவாங்குவது கூடாது என்று உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். வகுப்பில் யாராவது உங்கள் கொப்பியைக் கிழித்தால் ரீச்சரிடம் சொல்லுங்கள், திருப்பிக் கிழிக்கப் போகாதீர்கள் என்பேன். அதை இப்போதும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு தரம் பழிவாங்கியிருக்கிறேன். அது நன்றாகவே சரிவந்தது. உங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ, ஆனால் பெரிய நல்லவர் மாதிரி எழுதாதேங்கோ" என்றார். அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

அது நீங்கள் ஒருவரும் பிறக்காத காலம். வீடு பாலையூற்றில். வேலை சீனன்குடாவில், ஒரு பட்டறையில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். கல்யாணமாகி இரண்டாம் வருடம் அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து எழும்பினார். காய்ச்சல் விட்ட பிறகு தலைமயிர் கொட்டத் தொடங்கியது. தலையணையில் கிடக்கும், சீப்பில் கிடக்கும், சோற்றுக் கோப்பைக்குள்ளும் விழும். ஒரு நாள் அம்மாவே கத்தரிக்கோலை என் கையில் தந்து, "மிச்சத்தையும் வெட்டிவிடுங்கோ. ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்து அழ ஏலாது" என்றார். வெட்டினேன். அம்மா நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மனிசியைக் கொஞ்ச நாள் கடற்காத்துப் படுற இடத்தில வைச்சிரும். குசினிப் பக்கம் போக விடாதையும்" என்றார்.

திருக்கோணமலையில் இருப்பவனுக்குக் கடற்காற்றுக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்பீர்கள். காற்று இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தால் அம்மா சமைப்பார், கூட்டுவார், தோய்ப்பார். சும்மா இரு என்றால் இருக்கமாட்டார். அந்த நேரம் நிலாவெளி வீதிப் பக்கம் வெள்ளைக்காரப் பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்காகத் தென்னந்தோட்டம் ஒன்றுக்குள் ஆறு கிடுகுக் கொட்டில்கள் போட்டு ஒருவர் விடுதி நடத்தினார். மின்சாரம் கிடையாது. கட்டில், மண்ணெண்ணெய் விளக்கு, பின்னால் ஒரு குசினி, ஒரு கிணறு, முன்வரிசைக் கொட்டில்களுக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி மணலில் ஒரு சாய்மனைக் கதிரை. அவ்வளவுதான். உள்ளூர் ஆட்களுக்கும் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, கடலுக்கு முன்னால் இருக்கும் கொட்டில்தான் வேண்டும் என்று சொல்லி நாலு நாளைக்கு எடுத்தேன். அதற்கு முன் நானும் அம்மாவும் ஓரிடமும் போய்த் தங்கியதில்லை.

முதல் நாளை என்னால் மறக்க முடியாது. வைகாசி மாதம், கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அம்மா சாய்மனைக் கதிரையில் சரிந்து, காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, ஆட்கள் இல்லாதபடியால் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தார். அரை அங்குல மயிர் முளைத்திருந்தது. காற்று அதைத் தடவுவதற்காகவே வந்ததுபோல வந்தது. நான் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்குள் இறங்கினேன். குளம் மாதிரிக் கிடந்த கடலில் எங்கிருந்தோ ஒரு அலை வந்து என்னை அப்படியே இருத்திவிட்டுப் போனது. அம்மா சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு அதுதான். மத்தியானம் பாரை மீன் சொதியும் சோறும் வந்தது. அம்மா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கொண்டுவந்த குசினிக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும். "கேளுங்க தங்கச்சி, கேளுங்க. கேட்டுச் சாப்பிடுற ஆளக் கண்டாத்தான் சமைச்ச கைக்குச் சந்தோசம்" என்றார். அம்மா அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் கதிரையிலேயே நித்திரை கொண்டார்.

மறுநாள் காலையில் விடுதிக்காரர் வந்தார். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வன்னிப் பக்கத்து வயல் ஊர்க்காரர். கட்டடக் கொந்தராத்துச் செய்து முன்னுக்கு வந்தவர்.

"நீர்தானே நேற்று வந்தவர்?"

"ஓம், ஐயா."

"வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர் வருகினம். முன்னுக்கு இருக்கிற கொட்டில் வேணுமாம். குசினிக்குப் பின்னால ஒண்டு சும்மா கிடக்கு. சாமானை எடுத்துக்கொண்டு அதுக்கு மாறும்."

"நாங்கள் இதுதான் வேணுமெண்டு சொல்லி எடுத்தனாங்கள், ஐயா. மனிசிக்குச் சுகமில்லாமல் இருந்தது..."

அவர் கதிரையில் இருந்த அம்மாவைப் பார்த்தார். துணி கட்டாத தலையைப் பார்த்தார். பிறகு அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்:

"அதைத்தான் சொல்லுறன். ஒரு மொட்டை வருத்தக்காரியை முன்னுக்கு இருத்தி வைச்சால் வாற சனம் என்ன நினைக்கும்? இது விடுதியோ, ஆஸ்பத்திரியோ?"

அம்மா எழும்பிவிட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பையை எடுத்தேன். நாங்கள் பத்து அடி நடக்கவில்லை, முதலாளி குசினிக்காரரைக் கூப்பிட்டு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா இருந்த கதிரையைக் கழுவச் சொன்னார். குசினிக்காரர் நிலத்தைப் பார்த்தபடி கழுவினார். அந்தத் தண்ணீர் கதிரைத் துணியில் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

பின்கொட்டிலில் மீன் செதில், அடுப்புப் புகை, கோழி. குசினிக்காரர் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். "தங்கச்சி, என்னில கோவிச்சுக்காதீங்க. சொன்னதச் செய்யாட்டி எனக்கு இஞ்ச இரிக்கேலா."

"உங்களில என்ன கோபம், நானா? நீங்கள் கழுவாட்டி அந்தாள் தானே கழுவியிருக்கும்" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் மூத்த முஸ்லிம் ஆண்களை நானா, காக்கா என்போம். அம்மா கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு என்னிடம், "வாங்கோ, போவம்" என்றார்.

பஸ்ஸில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு யன்னலோரம் இருந்தார். அழவில்லை. "என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, கவனிச்சனீங்களோ? என்னைப் பாத்து உங்களோட கதைச்சவர். மாட்டைப் பாத்து மாட்டுக்காரனோட கதைக்கிற மாதிரி" என்றார். உப்புவெளி தாண்டும்போது இன்னும் ஒன்று சொன்னார். "அந்தாள் ஒரு நாளைக்கு என்னட்டை வந்து, என்ர முகத்தைப் பாத்து, மன்னிப்புக் கேக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"கேட்பார்" என்றேன். சும்மா ஆறுதலுக்குத்தான் சொன்னேன். எப்படிக் கேட்க வைப்பது என்று எனக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை.

அடுத்த வருடம் மாசி மாதம் அந்த யோசனை தானாகவே வீடு தேடி வந்தது. பட்டணத்தில் மிசின் சாமான் விற்கும் கடைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு மண்ணெண்ணெய்ப் பம்பு பூட்ட ஆள் வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை போக ஏலுமா என்று. எந்த விடுதி என்று கேட்டேன். சொன்னார்கள். ஏலும் என்றேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் காக்கிக் கட்டைக் கால்சட்டையும் எண்ணெய்ச் சட்டையுமாகப் போய் இறங்கினேன். முதலாளி என்னை நேருக்கு நேர் பார்த்தார். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. அது என்னை இன்னும் சுட்டது. குசினிக்காரருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் போனதும் மெதுவாக வந்து, "தம்பி, அந்தத் தங்கச்சிக்கு இப்பச் சுகமா?" என்று கேட்டார்.

"சுகம். மயிரும் வளர்ந்திட்டுது. நான் ஆரெண்டு சொல்லிப் போடாதேங்கோ, நானா."

"நான் ஏன் சொல்றன்?" என்றார். தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நல்ல தேத்தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் விளங்கப்படுத்த வேண்டும். கடற்கரை மணலில் பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அது மழைத்தண்ணீர். மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீருக்கு மேலே, பாலுக்கு மேல் ஆடை மாதிரிப் படிந்து நிற்கிறது. வாளியால் மேலாக அள்ளிக்கொண்டே இருந்தால் தலைமுறைக்கும் குடிக்கலாம். மிசினை வைத்து மணிக்கணக்காக உறிஞ்சினால் ஆடை போய்விடும், அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும். கிணற்றில் தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையாது. நிறம் மாறாது. எட்டிப் பார்த்தால் முன்பு இருந்த மாதிரியே கண்ணாடியாகக் கிடக்கும். சீனன்குடாவில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் இருந்த கிணற்றை இப்படித்தான் நாங்களே கெடுத்திருந்தோம். அதனால் எனக்குத் தெரியும். மூதூர்க் கடற்கரையில் பிறந்த உங்கள் அம்மாவுக்கும் தெரியும். கிண்ணியாவில் பிறந்த குசினிக்காரருக்கும் தெரியும். வயல் ஊரில் பிறந்தவருக்குத் தெரியாது. அங்கே கிணறு என்றால் ஒரே ஒரு பயம்தான்: கோடையில் அடி தெரிந்துவிடுமோ என்பது.

அந்த இடத்தில் பம்பு பூட்டும் ஒழுங்கான பிற்றர் என்ன செய்ய வேண்டும்? குழாயின் நுனியைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் நிறுத்த வேண்டும். காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம், அதற்கு மேல் ஓட விடாதேங்கோ என்று சொல்ல வேண்டும். நான் குழாயை அடிமணலுக்கு ஒரு முழம் மேலே வரை இறக்கினேன்.

முதலாளி கிணற்றுக் கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். கொட்டில்களுக்குக் குளிக்கச் சவர் போடப் போகிறாராம். பூங்கன்றுகள் வைக்கப் போகிறாராம். வெள்ளைக்காரருக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"நாள் முழுக்க ஓட விட்டால் கிணறு வத்திப் போகாதோ?" என்று கேட்டார்.

"வத்தாது, ஐயா."

"வடிவாத் தெரியுமோ உமக்கு? பிறகு வந்து சாட்டுச் சொல்லக் கூடாது."

"எவ்வளவு இறைச்சாலும் வத்தாது, ஐயா. நான் எழுதித் தாறன்."

பிள்ளைகளே, நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை. இது பொய்யை விட மோசமானது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன். காலையில் பட்டறை மணி அடிக்கும்போது, இப்போது அங்கே மிசினை இழுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைப்பேன். சாப்பிட இருக்கும்போது, இன்னும் ஓடுகிறது என்று நினைப்பேன். அம்மா, "என்ன தனியச் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை, வேலைத்தலத்துக் கதை ஒண்டு" என்பேன்.

ஆனி மாதக் கடைசியில் சந்தையில் குசினிக்காரரைக் கண்டேன். மீன் பறியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தம்பி, கிணறு உவர்க்குது. தேத்தண்ணியில பால் ஊத்தினாத் திரையுது. சவுக்காரம் நுரைக்குதில்ல. முதலாளிக்கிட்டச் சொன்னா, நீதான் கறியில உப்பக் கொட்டிப் பழகிப்போய்த் தேத்தண்ணிக்கும் கொட்டுற எண்டு ஏசுறார்."

"அவர் குடிச்சுப் பாக்கேல்லையோ?"

"அவருக்கென்ன, பட்டணத்து வீட்டில இருந்து போத்தில்ல தண்ணி வருது." பிறகு, "ஒங்களுக்குத் தெரியாம இரிக்காது எண்டு நினைச்சன்" என்றார். பறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

அம்மா முதலில் அந்த விடுதிக்கு வரமாட்டேன் என்றார். "அங்கயோ? உங்களுக்கு விசரோ? அந்த ஆளின்ர முகத்தில முழிக்கவோ நான் உடுத்திக்கொண்டு வரவேணும்?"

"முன்கொட்டில் எடுத்திருக்கிறன். எழுதி வாங்கியிருக்கிறன். இந்த முறை ஆரும் எழுப்பேலாது. நீர் அந்தக் கதிரையில நாலு நாளும் இருக்கவேணும்."

அம்மா அலுமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த நல்ல பச்சைச் சேலையை எடுத்தார். கழுத்து வரை வளர்ந்திருந்த மயிரை வாரிக் கட்டினார். கிணற்றுக் கதையை நான் அப்போதும் சொல்லவில்லை. திடீரென்று காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஆடி மாதம், கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சூடாக வீசிக்கொண்டிருந்தது. முதலாளி வாசலிலே நின்றார். நான் நீளக் கால்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தேன். "எங்கயோ கண்ட முகமாக் கிடக்கு" என்றார். "எங்கயாவது கண்டிருப்பீங்கள்" என்றேன். பூங்கன்றுகளெல்லாம் நுனி கருகி நின்றதைக் கண்டேன். எனக்குக் காலடியில் நிலம் இல்லாத மாதிரி ஒரு மகிழ்ச்சி.

அம்மா நேராகப் போய்ச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கொட்டில் வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. பொம்பிளையின் மயிர் தும்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. குசினிக்காரர் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்:

"மிசின் வைச்சிருக்கினமோ?"

"ஓம்."

"ஆர் பூட்டினது?"

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். அம்மா இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, அந்த உவர்த் தேத்தண்ணீரை ஆறுதலாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அதே நேரம் வெள்ளைக்காரி குடித்ததை மணலில் துப்பிவிட்டு முதலாளியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். எனக்கு விளங்கியது "சோல்ட், சோல்ட்" என்ற ஒரு சொல்தான். முதலாளி ஓடி வந்தார். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, குசினிக்காரரிடம் திரும்பினார்.

"காக்கா, இண்டைக்கோட சரி. உம்மட பெட்டியைக் கட்டும். வாற சனத்தை உப்புப் போட்டு அனுப்பவோ உமக்கு நான் சம்பளம் தாறன்?"

"அல்லாவுக்காக முதலாளி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. கிணத்த..."

"கிணத்துக்கு என்ன? நிறையத் தண்ணி நிக்குது!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையில், ஐந்து மாதமாக எல்லாவற்றையும் யோசித்த நான் இந்த மனிதரை யோசிக்கவே இல்லை. எழும்பினேன். எனக்கு முன்னால் அம்மா எழும்பிவிட்டார்.

"அவரை ஏன் பேசுறீங்கள்? உங்கட கிணறு உவர்த்துப் போச்சு. கடல் உள்ளுக்க வந்திட்டுது. நாள் முழுக்க மிசின் ஓட விட்டால் வராமல் என்ன செய்யும்?"

முதலாளி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் காக்கிக் கால்சட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நீர்... நீர் அந்தப் பம்பு பூட்டினவரெல்லோ? நீர்தானே வத்தாதெண்டு சொன்னனீர்?"

"வத்தினதோ, ஐயா?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தபடி நின்றார். போன வருடம் நான் அதே இடத்தில் எப்படி நின்றேனோ அப்படி நின்றார். பிறகு, "உமக்கு நான் என்ன செய்தனான்?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அம்மா சொன்னார்: "போன வருசம் இந்தக் கதிரையில ஒரு மனிசி இருந்தவ. தலையில மயிரில்லாமல். எழுப்பிவிட்டுக் கதிரையைக் கழுவினனீங்கள்."

முதலாளி அம்மாவின் தலையை, அந்த மயிரை, பார்த்தார். மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. "ஆ, அந்த வருத்தக்காரி..." என்றவர் நிறுத்திவிட்டார். "அதுக்கோ? அதுக்கோ இவ்வளவும் செய்தனீங்கள்?"

"ஓம்" என்றார் அம்மா. "அதுக்குத்தான்." திரும்பப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

முதலாளி பொலிசுக்குப் போவேன் என்றார். போங்கோ, எவ்வளவு இறைச்சாலும் வத்தாதெண்டு நான் எழுதித் தந்த துண்டையும் கொண்டுபோங்கோ என்றேன். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். குசினிக்காரரைப் பார்க்காமல், "பெட்டியைக் கட்ட வேண்டாம்" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப இதை எப்பிடித் திருத்திறது? சொல்லும்."

நான் வாயைத் திறக்க முன்னர் கதிரையிலிருந்து குரல் வந்தது. "அவர் இப்ப லீவில நிக்கிறார்" என்றார் அம்மா. குசினிக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் ஓடினார். சிரிக்கத்தான் ஓடினார் என்று பிறகு சொன்னார்.

வெள்ளைக்காரச் சோடி அன்று பின்னேரமே போய்விட்டது. மற்றவர்கள் அடுத்த நாள். ஆறு கொட்டில்களிலும் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். அப்படி ஒரு ஓய்வை நான் பிறகு அனுபவித்ததில்லை. காலையில் கடலில் குளிப்போம். குளித்த உப்பைக் கழுவப் போனால் கிணற்றிலும் உப்பு. உடம்பெல்லாம் கடித்தது. அம்மாவின் புது மயிர் கயிறாகத் திரண்டுபோனது. அதைக் கையால் பிரித்துப் பிரித்து, "நாங்களும்தானே குடிக்கிறம், கவலைப்படாதேங்கோ" என்று முதலாளிக்குக் கேட்கும்படி சொல்வார். குசினிக்காரர் ஒரு மைல் நடந்து போய் மீனவர் வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் அள்ளிவந்து எங்களுக்கு மட்டும் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். முதலாளி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. சாப்பாடும் அங்கேதான். கச்சான் காற்றில் கிடுகெல்லாம் சரசரக்க, நான் பக்கத்தில் மணலில் படுத்துக்கொண்டு முதலாளியின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல படம் பார்ப்பதுபோல இருந்தது.

நாலாம் நாள் காலையில் அவர் வந்தார். கையில் சீவிய இளநீர். இந்த முறை என்னிடம் வரவில்லை. கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இதைக் குடியுங்கோ."

அம்மா வாங்கவில்லை. காத்திருந்தார்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை. கதிரையைக் கழுவினதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா இளநீரை வாங்கிக் குடித்து, கோம்பையைப் பக்கத்தில் வைத்து, வாயைத் துடைத்தார். "சரி. மன்னிச்சிட்டன்" என்றார்.

"அப்ப இவரைச் சொல்லச் சொல்லுங்கோ. எப்பிடித் திருத்திறது?"

அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சொன்னேன்: "மிசினை நிப்பாட்டுங்கோ. ரெண்டு மாரி மழை பெய்யட்டும். அதுக்குப் பிறகு வாளியால அள்ளுங்கோ."

"அது மட்டுமோ? ரெண்டு வருசமோ? மருந்து, கிருந்து, ஏதும் போடுறதில்லையோ?"

"இல்லை, ஐயா. வேற ஒண்டும் இல்லை."

அவர் அந்த மன்னிப்பை வீணாகக் கேட்டுவிட்டவர் மாதிரி நின்றார். அதைப் பார்த்தபோதும் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் அம்மா இந்தத் தாளைக் கிழித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. அந்த மாரியோடு விடுதி பூட்டப்பட்டது. குசினிக்காரரின் வேலையும் போனது. அவர் கிண்ணியாவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார். எங்களைக் கண்டால் கூப்பிட்டு இருத்தித்தான் அனுப்புவார். ஆனாலும் அந்த மனிதர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லாமல் அவருடைய பிழைப்பில் கைவைத்தேன். இந்தக் கதையில் எனக்கு இன்றும் உறுத்துவது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மன்னிப்பும் கேட்டாயிற்று, பிறகு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ன, கிணத்தைக் கெடுத்தது பிழையெண்டு நினைக்கிறீரோ?"

"அதில்லை." வெளியே பார்த்தபடி சொன்னார். "அவமானம் எனக்கு. கோபம் என்ர. அஞ்சு மாசம் நீங்கள் தனிய வைச்சுச் சிரிச்சிருக்கிறீங்கள். நான் கேக்கக் கேக்க, வேலைத்தலத்துக் கதையெண்டு சொன்னனீங்கள். எனக்குச் சொல்லியிருந்தால் நானும் அஞ்சு மாசம் சிரிச்சிருப்பனே."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஐந்து மாதமும் அம்மா ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் மயிரை அளந்து பார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆறுதல் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பிழைதான்" என்றேன்.

"அப்ப இப்பச் சொல்லுங்கோ. முதலில இருந்து. ஒண்டும் விடாமல்."

சொன்னேன். கடைக்காரர் ஆள் அனுப்பியதிலிருந்து தொடங்கினேன். அம்மா கதை கேட்கும் ஆள் இல்லை, வழக்கில் கேள்வி கேட்கும் ஆள் மாதிரி. குழாயை எவ்வளவு ஆழம் இறக்கினீர்கள், அந்தாள் பக்கத்தில் நின்று பார்த்ததோ, என்ன உடுத்திருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து நின்றதோ பசியோடு நின்றதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"நீங்கள் பூட்டி முடியும்வரைக்கும் நிண்டவரோ?"

"ஓம். மூண்டு மணித்தியாலம்."

"நிழலிலயோ, வெயிலிலயோ?"

யோசித்துப் பார்த்தேன். "வெயிலில" என்றேன்.

"நல்லது" என்றார் அம்மா. "பிறகு?"